பப்பாளி இலையில் உள்ள செரிமானப் பொருள்: பிரிப்பதும் சோதிப்பதும்

கிடாய் வெட்டி விருந்து வைக்கும் நாளில் கறி முற்றலாக அமைந்துவிட்டால் அனுபவமுள்ள சமையற்காரர் கலங்குவதில்லை. கொல்லையிலுள்ள பப்பாளி மரத்திலிருந்து ஒரு பச்சைக் காயைப் பறித்து, தோலுடன் இரண்டு துண்டு நறுக்கிச் சட்டியில் போட்டுவிடுவார். காய் கிடைக்காவிட்டால் கறியைப் பப்பாளி இலையில் சுற்றிச் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு அடுப்பில் ஏற்றுவாரும் உண்டு. கறி பஞ்சுபோல் வெந்துவிடும். இது நம் கிராமங்களில் யாவரும் அறிந்த செய்தி. ஆனால் இலைக்குள்ளும் காய்க்குள்ளும் இருந்துகொண்டு இவ்வேலையைச் செய்யும் பொருள் எது, அதை எவ்வாறு தனியே பிரித்தெடுக்கிறார்கள், பிரித்தெடுத்த பின் அதன் தன்மையை எவ்வாறு அளக்கிறார்கள் என்பவற்றை நம்மில் பலர் அறியார். அறியாததால் சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி பெரும் பண நஷ்டத்திற்கு உள்ளாக இருந்தது. இக்கட்டுரையை எழுத நேர்ந்ததும் அதனாலேயே.

விஷயம் இதுதான். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், பப்பாளி இலையைப் பறித்து வெயிலில் காயவைத்துத் தூளாக்கிக் கொடுத்தால் கிலோ கணக்கில் விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், அதிலிருந்து மருந்துக் கம்பெனிகளுக்கு வேண்டிய செரிமானப் பொருள் தயாரிக்கப்படும் என்றும் கூறினார். நாற்றுக்கும் தூளாக்கும் இயந்திரத்திற்கும் முன்பணம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஊராட்சிக் கூட்டத்தில் இது விவாதத்திற்கு வந்தது. "ஐயா, காய்க்கும் வரை காத்திருக்க வேண்டாம், இலையே பணம் என்றால் நல்லதுதானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கல்லூரியில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவன் ஆகையால் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அன்று கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

கறி, பால், பருப்பு ஆகியவற்றிலுள்ள முக்கியமான சத்து புரதம். புரதம் என்பது மணிகள் கோத்த நீண்ட சங்கிலி போன்றது. ஒவ்வொரு மணியையும் அமினோ அமிலம் என்பர். முற்றிய கறியில் இச்சங்கிலிகள் இறுகிப் பின்னிக் கிடக்கின்றன. பப்பாளியில் உள்ள ஒரு பொருள், கத்தரிக்கோல் நூலை வெட்டுவதுபோல் இச்சங்கிலியை இடையிடையே வெட்டிவிடுகிறது. இத்தகைய பொருளை என்ஸைம் என்றும், தமிழில் நொதி என்றும் கூறுவர். நம் இரைப்பையிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் இருக்கின்றன. ஆச்சரியம் யாதெனில், வெட்டும் நொதியும் ஒரு புரதமே. ஆகையால் ஒன்றையொன்று வெட்டித் தன்னையே அழித்துக்கொள்ளும் அபாயமும் அதற்கு உண்டு. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பப்பாளியின் நொதிக்குப் பப்பெயின் என்று பெயர். பப்பாளிச் சாறு புரத உணவுகளைக் கரைக்கும் தன்மையைப் பற்றி ஜி. சி. ராய் என்பவர் 1873-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1879-இல் பிரான்சு தேசத்து வூர்ட்ஸும் பூஷாவும் இதை ஆராய்ந்தனர். 1937-இல் அமெரிக்காவில் இதைப் படிகமாகப் பெற்றனர். 1968-இல் ஹாலந்து தேசத்து விஞ்ஞானிகள் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு இதன் உருவத்தையே வரைந்து காட்டினர். இந்நொதியில் 212 மணிகள் உள்ளன. அவற்றுள் 25-ஆவது மணியில் இருக்கும் கந்தக அணுவே கத்தரியின் வாய். அந்தக் கந்தகம் கெட்டால் மற்ற 211 மணிகளும் இருந்து பயனில்லை.

மரம் இதை நமக்குக் கறி வேகவைப்பதற்காகவா உண்டாக்கிற்று? 2004-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஆமணக்கு இலை தின்னும் எரிப்பட்டுப் புழுக்களுக்குப் பப்பாளி இலையைக் கொடுத்தபோது அவை பிழைக்கவில்லை. அதே இலையை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, கசியும் பாலைக் கழுவிவிட்டுக் கொடுத்தபோது புழுக்கள் சுகமாகத் தின்று வளர்ந்தன. பால்தான் மரத்தின் காவற்காரன் என்பது தெளிவாயிற்று. இலையில் நொதி இருப்பது உண்மை. ஆனால் அது இலை முழுவதும் பரவி இருப்பதன்று, நரம்புகளில் ஓடும் பாலிலேயே இருக்கிறது என்பதையும் இச்சோதனை காட்டுகிறது. காயை விட்டு இலையை நாடுவோர் இதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி, இலையிலிருந்து நொதியைப் பிரிக்கும் முறையைக் காண்போம். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் செய்யும் முறை இது. எந்த இலைக்கும் ஏறக்குறைய இதுவே வழி.

பறித்த இலையைக் கழுவி, நரம்புடன் நறுக்கி, பனிக்கட்டியில் குளிரவைத்த உப்புக் கரைசலில் போட்டு அரைக்கிறார்கள். குளிர்ச்சி எதற்கு? அரைத்தவுடன் இதுவரை தனித்தனி அறைகளில் இருந்த சரக்குகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நொதி பக்கத்திலுள்ள புரதங்களையும், சமயத்தில் தன்னையுமே வெட்டத் தொடங்குகிறது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போவதை அறிவோம். அதைப்போல இலைச்சாறும் காற்றுப் பட்டுப் பழுப்பேறும். பழுப்பாக்கும் துவர்ப்புப் பொருள்கள் நொதியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்துவிடும். ஆகவேதான் குளிர்ச்சியும், துவர்ப்பை உறிஞ்சும் ஒரு தூளும், கந்தகத்தைக் காக்கும் ஒரு ரசாயனமும் சேர்த்து விரைவாக வேலையை முடிக்கிறார்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, சாற்றைச் சுழற்சி இயந்திரத்தில் இட்டுச் சுற்றினால் சக்கை அடியில் படிந்துவிடும். பால் கூட்டுறவுச் சங்கங்களில் பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்பொழுது கையில் இருப்பது பச்சைச் சாறு. இதில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. இலைக்கு வேண்டிய உணவைத் தயாரிக்க உதவும் ரூபிஸ்கோ என்னும் ஒரு புரதமே கரைந்துள்ள புரதத்தில் பாதி வரை இருக்கும். நாம் தேடும் நொதி அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் நிற்கிறது.

முதற் பிரிப்பு உப்பினால் நடக்கிறது. அந்த உப்பு நம் விவசாயிகளுக்குப் புதியதன்று. நெல் வயலுக்கு உரமாக இடும் அம்மோனியம் சல்பேட்தான், சுத்தமான தரத்தில். அதைச் சாற்றில் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே போனால், உப்பு தண்ணீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். கரைந்து நிற்கத் தண்ணீர் போதாமல் புரதங்கள் ஒவ்வொன்றாகத் திரிந்து படியும். சில புரதங்கள் குறைந்த உப்பிலேயே படியும். சில நிரம்ப உப்பு இட்டால்தான் படியும். நொதி எந்த அளவில் படிகிறது என்று கண்டு, அந்தப் படிவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

படிவில் உப்பு நிறைய ஒட்டியிருக்கும். அதைக் கரைத்து மெல்லிய தாள் போன்ற குழாயில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். உப்பிட்ட நார்த்தங்காயைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு இறங்கிவிடுவதுபோல், குழாயின் நுண்துளைகள் வழியே உப்பு வெளியேறும். பெரிய உருவுள்ள புரதம் உள்ளேயே நிற்கும்.

அடுத்தது மின்சாரத் தன்மையைக் கொண்டு பிரிப்பது. புரதங்களுக்கு மின்னேற்றம் உண்டு. எதிர் ஏற்றம் கொண்ட மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே கரைசலை விட்டால் சில புரதங்கள் ஒட்டிக்கொள்ளும், சில வழிந்தோடிவிடும். பின்னர் உப்பு நீரை மெல்ல மெல்லக் கூட்டி விட, ஒட்டியவை ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கடைசியாக உருவ அளவைக் கொண்டு பிரிக்கும் முறை. சுவீடன் நாட்டு உப்சாலாவில் 1959-இல் வெளியான கண்டுபிடிப்பு இது. நுண்துளைகள் நிறைந்த மணிகளால் குழாயை நிரப்பியிருப்பார்கள். தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் பெரிய வீதியில் மட்டுமே செல்லும், சந்துகளில் நுழையாது. சிறுவர்களோ ஒவ்வொரு சந்திலும் புகுந்து வேடிக்கை பார்த்து வருவார்கள். நிலைக்குத் தேர் முதலில் வந்து சேரும். சிறுவர்கள் பிறகே வருவார்கள். அவ்வாறே பெரிய புரதம் முதலிலும், சிறிய புரதம் பின்னாலும் குழாயிலிருந்து வெளிவரும்.

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கணக்குகள் எடுக்கிறார்கள். மொத்தப் புரதம் எவ்வளவு, மொத்த வெட்டும் சக்தி எவ்வளவு என்பவை அவை. வெட்டும் சக்தியை அளக்கப் பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தைக் கொடுத்து, குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு துண்டுகள் விழுகின்றன என்று பார்க்கிறார்கள். வெட்டுப்படாத கேசீனை அமிலம் இட்டுப் படியவைத்து வடிகட்டிவிட்டால், கரைசலில் மீதியிருப்பவை துண்டுகளே. சக்தியைப் புரதத்தின் எடையால் வகுத்தால் வருவது தூய்மைக்கு அடையாளமான எண்.

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பச்சைச் சாற்றில் 1,000 மில்லிகிராம் புரதமும் 2,000 அலகு சக்தியும் இருந்தால் மில்லிகிராமுக்கு 2 அலகு. உப்பிட்டுப் பிரித்தபின் 300 மில்லிகிராமும் 1,500 அலகும் எஞ்சினால் மில்லிகிராமுக்கு 5. குழாய்களில் பிரித்தபின் 20 மில்லிகிராமும் 800 அலகும் மிஞ்சினால் மில்லிகிராமுக்கு 40. தூய்மை 20 மடங்கு உயர்ந்துவிட்டது; ஆனால் முதலில் இருந்த சக்தியில் 40 சதவிகிதமே கைக்கு வந்திருக்கிறது. நெல்லைக் குத்தி, தீட்டி, புடைத்துப் பளபளப்பான அரிசியாக்கும்போது மூட்டை சிறுத்துப்போவதைப் போன்றதே இது. ஒரு கூடை இலையிலிருந்து கடைசியில் சிறு குப்பியின் அடியில் ஒட்டிக்கொள்ளும் அளவே பொருள் வரும். இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

பிரித்தெடுத்தது ஒரே பொருள்தானா என்று பார்க்க, மின்சாரம் பாய்ச்சிய பசைப் பலகையில் அதை ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். ஒரே ஒரு நீலக் கோடு தெரிந்தால் தூய்மையானது எனக் கொள்ளலாம். கோடு ஓடிய தூரத்தைக் கொண்டு எடையையும் கணிக்கலாம். பப்பெயினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 23,400.

பிறகு குணங்களை ஆராய வேண்டும். எவ்வளவு சூட்டில் நன்றாக வேலை செய்கிறது, புளிப்பில் வேலை செய்கிறதா, காரத்தில் செய்கிறதா என்று பல நிலைகளில் சோதிக்கிறார்கள். பப்பெயின் புளிப்பும் காரமும் மிகாத நடுநிலையை ஒட்டி நன்றாக வேலை செய்யும். 65 டிகிரி சென்டிகிரேடு சூட்டையும் அது தாங்கி நிற்பது விசேஷம். சட்டி மெல்லச் சூடேறும்போதே கறி மெத்தென்றாகிவிடுவதன் காரணம் இதுவே. கொதிநிலை வந்தபின் நொதி செத்துப்போகும்.

நொதி எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்பதையும் அறிய வேண்டும். புரதத்தை வெட்டும் நொதிகளைக் கத்தரிவாய் எதனால் ஆனது என்பதைக் கொண்டு வகுக்கிறார்கள். கந்தகத்தால் வெட்டுவது ஒரு குலம், உலோகத்தின் துணையால் வெட்டுவது மற்றொரு குலம். இன்னும் சில குலங்களும் உண்டு. ஒவ்வொரு குலத்தையும் மட்டுமே பூட்டக்கூடிய ரசாயனங்கள் இருக்கின்றன. ஒரு குலத்தின் பூட்டைப் போட்டதும் வேலை நின்றுவிட்டால் நொதி அந்தக் குலம் என்று தெரிந்துவிடும். அயோடோ அசிட்டமைடு என்னும் ரசாயனம் இட்டதும் பப்பெயின் நின்றுவிடும். ஆகவே அது கந்தகக் குலம். அத்திப் பாலிலுள்ள ஃபிசினும், அன்னாசியிலுள்ள புரோமலினும் இதே குலந்தான். கந்தகக் குலம் என்பது வெறும் ஏட்டுச் செய்தியன்று. செம்பும் இரும்பும் பட்டால் இக்கந்தகம் கெடும் என்பதும், காற்றில் நெடுநேரம் திறந்து கிடந்தால் சக்தி குறையும் என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன. பால் எடுக்கும் விவசாயிக்கு இவை இரண்டும் பணக் கணக்கு.

இவ்வளவு விளக்கியும் வார்டு அங்கத்தினரான ஓர் அம்மாள், "இதெல்லாம் கல்லூரியில் செய்வது, எங்கள் கண்ணுக்குத் தெரிவதுபோல் ஒன்று காட்டுங்கள்" என்றார். நியாயமான கேள்வி. மறுநாள் காலை ஊராட்சி அலுவலகத் திண்ணையிலேயே ஒரு சோதனை செய்தோம். காய்ச்சாத பசும்பாலை நான்கு டம்ளர்களில் ஊற்றி, கை பொறுக்கும் வெந்நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தில் வைத்தோம். முதல் டம்ளரில், பச்சைக் காயைக் கீறி எடுத்த பாலை நீரில் கரைத்து ஒரு கரண்டி விட்டோம். இரண்டாவதில் அதே கரைசலைக் கால் மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றி விட்டோம். மூன்றாவதில், வந்தவர் மாதிரிக்காகக் கொடுத்திருந்த, தகரக் கூரைமேல் காயவைத்த இலைத்தூளை ஊறவைத்து வடித்த நீர். நான்காவதில் அப்போதே இடித்துப் பிழிந்த பச்சை இலைச் சாறு.

முதல் டம்ளர் சில நிமிஷங்களில் உறைந்து கட்டியாயிற்று. நான்காவது நெடுநேரம் கழித்துச் சற்றே திரிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு மணி நேரமாகியும் அப்படியே இருந்தன. கொதிக்கவைத்தது உறையாததால், முதலில் உறைந்தது புளிப்பினால் அன்று, நொதியினால்தான் என்பது ஊர்ஜிதமாயிற்று. வெயிலில் உலர்ந்த இலைத்தூள் கொதிக்கவைத்த பாலுக்குச் சமம் என்பதும் கண்ணெதிரே தெரிந்தது. முன்பணம் கட்டும் தீர்மானத்தை அன்று மாலையே கைவிட்டார்கள். இச்சோதனை நொதி உயிருடன் இருக்கிறதா என்பதை மட்டுமே கூறும். விலை பேசுவதற்குரிய அளவாக இதைக் கொள்ளலாகாது. சோதனைப் பாலை யாரும் அருந்தவும் கூடாது.

அப்படியானால் பப்பாளியின் நொதியால் விவசாயிக்குப் பிரயோஜனம் இல்லையா? உண்டு, ஆனால் அது இலையில் இல்லை, பச்சைக் காயின் பாலில் இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பால் எடுப்பதற்கென்றே கோ.5 என்னும் ரகத்தை வெளியிட்டது. பழத்திற்கும் பாலுக்கும் ஆகிய ரகம் கோ.2. எழுபத்தைந்து முதல் தொண்ணூறு நாள் ஆன பச்சைக் காயைத் தேர்ந்தெடுத்து, காம்பிலிருந்து நுனி நோக்கி நான்கு கீறல் போட வேண்டும். கீறல் ஆழம் 0.3 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. துருப்பிடிக்காத எஃகுக் கத்தி அல்லது சவரப் பிளேடு உபயோகிக்கலாம். இரும்பு அரிவாள் ஆகாது. ஏன் ஆகாது என்பது மேலே சொன்ன கந்தகக் கதையால் இப்போது விளங்கும். காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். மூன்று நான்கு நாள் இடைவெளி விட்டு, அதே காயில் கீறாத இடங்களில் நான்கு முறை வரை எடுக்கலாம்.

எடுத்த பாலை அன்றே உலர்த்த வேண்டும். நிழலில் உலர்த்தலாம், 50 முதல் 55 டிகிரி சூட்டில் உலர்த்தும் பெட்டி இருந்தால் மிக நன்று. நிறம் கெடாமலிருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 0.05 சதவிகிதம் சேர்ப்பது வழக்கம். செதிலாக உதிரும் பக்குவத்தில் எடுத்துத் தூளாக்கி, சலித்து, காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டி டப்பாவில் வைக்க வேண்டும். நேர் வெயிலில் சாக்கு விரித்துக் காயவைத்தால் எடை குறையாது, நிறமும் ஓரளவு இருக்கும். சக்தி மட்டும் போய்விடும். வாங்குபவர் எடைக்கு விலை தருவதில்லை, சக்திக்கே விலை தருகிறார். அச்சக்தியையும் டைரோசின் அலகு, பால் உறைதல் அலகு என்று பல அலகுகளில் கூறுவர். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு ஏமாறலாகாது. எந்த அலகு, எந்த ஆய்வுக்கூடத்தில் சோதனை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது அவசியம்.

பால் எடுக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே ஈடுபடுகிறார்கள். கறியைக் கரைக்கும் பொருள் கையின் தோலை விட்டுவைக்குமா? விரலிடுக்கில் பால் பட்டுத் தோல் உரிந்து புண்ணானதை நானே பார்த்திருக்கிறேன். ரப்பர்க் கையுறை இன்றி யாரையும் இவ்வேலையில் அமர்த்தக் கூடாது. கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். தூளாக்கும் இடத்தில் மூக்கையும் வாயையும் மூடும் கவசம் தேவை. இத்தூளைச் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா உண்டானது மருத்துவ உலகம் நன்கு அறிந்த விஷயம். புண்ணுக்கு மருந்தாகப் பப்பாளிப் பாலைத் தடவும் பழக்கமும் வேண்டாம். தீவிர ஒவ்வாமை ஏற்பட்டதன் காரணமாக, அங்கீகாரம் பெறாத பப்பெயின் பூச்சு மருந்துகளை விற்பதை நிறுத்துமாறு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-இல் உத்தரவிட்டது.

அதே 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட மாவுப்பூச்சி பப்பாளித் தோட்டங்களைப் பாழாக்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட சிறு குளவிகளே அதை அடக்கின. ஆகையால் வெள்ளைப் பஞ்சுபோல் எதையேனும் இலையடியில் கண்டால் கண்ட மருந்தையும் தெளித்துக் குளவிகளைக் கொன்றுவிடாமல், வேளாண்மை அலுவலரிடம் முதலில் காட்டுங்கள்.

எங்கள் வட்டாரத்து அந்த ஊராட்சியில் இப்போது இரண்டு விவசாயிகள் சிறு அளவில் பால் எடுக்கிறார்கள். கீறல் விழுந்த காய்கள் பழுத்தாலும் தோற்றம் நன்றாக இராததால் பழக்கடையில் விலை போவதில்லை என்பது அவர்கள் குறை. அவற்றைக் கறியாகச் சமைக்கலாம். சதைப்பற்றுச் சிறிதும் கெடுவதில்லை. கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் போடும் டூட்டி ஃபுரூட்டி என்னும் வண்ணத் துண்டுகள் செய்வதற்கும் இத்தகைய காய்களே போதும். அதற்குச் சர்க்கரைப் பாகும், ஒரு பெரிய அடுப்பும், சுத்தமான ஓர் அறையும் வேண்டும். மகளிர் குழுவினர் அந்த அறைக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள்.